லேப்டாப்புக்கும் இடம் தெரிய வேண்டும்: வீடு, அலுவலகம், கல்லூரி எங்கும் இணையம் தானாகப் பொருந்த

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தையும் மகனும் லேப்டாப் பையோடு என்னிடம் வந்தார்கள். மகன் பட்டம் முடித்துவிட்டு, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

"ஹஜ்ரத், நேற்று இவனுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. சென்னையில் நல்ல கம்பெனி. வீட்டில் உட்கார்ந்தே பேச வேண்டியது. அந்த நேரம் பார்த்து லேப்டாப்பில் இணையம் வரவில்லை. போனில் சேரப் பார்த்தான், சரியாக வரவில்லை. வாய்ப்பு போய்விட்டது" என்றார் தந்தை. குரலில் கோபத்தை விட வருத்தம்தான் இருந்தது.

மகன் சொன்னான்: "வைஃபை கனெக்ட் ஆகுது ஹஜ்ரத். ஆனா 'நோ இன்டர்நெட்'னு காட்டுது. அதே வைஃபையில அத்தா போன் நல்லா ஓடுது. ஆபீஸ் போனா லேப்டாப்பும் நல்லா ஓடுது. கடையில காட்டினேன், ஃபார்மட் பண்ணணும்னு சொல்றாங்க."

நான் கணினிப் பொறியாளன் இல்லை. மதரஸாவில் ஓதிவிட்டு, பிறகு கலைப் பட்டம் படித்தவன். மதரஸா அலுவலகக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்ததால் இந்த விஷயங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். அவன் லேப்டாப்பைத் திறந்து பார்த்தபோது காரணம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஃபார்மட் தேவையில்லை. இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அலுவலகத்துக்கு உரிய முகவரியை அது வீட்டிலும் சுமந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அதை 'தானியங்கி'க்கு மாற்றிக் கொடுத்தேன். வீட்டில் இணையம் வந்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமை காலை அவனிடமிருந்து போன்: "ஹஜ்ரத், இப்போ ஆபீஸ்ல வேலை செய்யல!" வீட்டில் ஓட வைத்தால் அலுவலகத்தில் ஓடவில்லை, அலுவலகத்தில் ஓட வைத்தால் வீட்டில் ஓடவில்லை. இரண்டு இடத்திலும் தானாக ஓட வைப்பது எப்படி? நம் பிள்ளைகளில் பலர் காலையில் வாலாஜாபாத்தில் வீட்டு வைஃபை, பகலில் ஒரகடத்திலோ வண்டலூரிலோ அலுவலக அல்லது கல்லூரி வைஃபை, மாலையில் போன் ஹாட்ஸ்பாட் என்று ஒரே லேப்டாப்போடு அலைகிறார்கள். அவர்களுக்கும், வீட்டில் இருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முகவரி என்பது இடத்துக்கு உரியது

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழைய தொல்லை உண்டு. ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர்கள் இரண்டு: காஞ்சிபுரம் மாவட்டத்தில் எங்கள் வாலாஜாபாத், ராணிப்பேட்டை மாவட்டத்தில் வாலாஜாபேட்டை. வெளியூர்க்காரர்கள் இரண்டையும் ஒன்று என்றே நினைப்பார்கள். கடிதத்தில் தெருப் பெயரும் கதவு எண்ணும் சரியாக இருந்தாலும், ஊர் மாறிவிட்டால் அது நம் கைக்கு வந்து சேராது. கதவு எண்ணுக்குத் தனியாக மதிப்பு இல்லை. எந்த ஊரில், எந்தத் தெருவில் என்பதோடு சேர்ந்தால்தான் அது முகவரி.

இணையத்திலும் அப்படித்தான். லேப்டாப் ஒரு வைஃபையில் சேர்ந்தவுடன் அதற்கு நான்கு விவரங்கள் வேண்டும்.

முதலாவது ஐபி முகவரி. இது கதவு எண். உதாரணமாக 192.168.1.25.

இரண்டாவது சப்நெட் மாஸ்க். இது தெருவின் எல்லை. எந்தெந்த முகவரிகள் நம் தெருவுக்குள் இருக்கின்றன, எவை வெளியே என்று சொல்வது. வீடுகளில் பெரும்பாலும் 255.255.255.0 என்று இருக்கும்.

மூன்றாவது கேட்வே. இது தெருவிலிருந்து பெரிய சாலைக்கு வெளியேறும் வழி. வீட்டில் இது நம் ரவுட்டர் பெட்டியின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1.

நான்காவது டிஎன்எஸ். நாம் தட்டும் இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் விவரப் புத்தகம்.

192.168 என்று தொடங்கும் எண்கள் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருக்கின்றன. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்ட தனியார் எண்கள் அவை. 1996-இல் வெளியான விதிமுறையின்படி இந்த ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது. ஒரு கதவு எண் எல்லா ஊரிலும் இருப்பதைப் போல.

அந்தப் பையனின் லேப்டாப்பில் ஐபி முகவரி 192.168.10.45, கேட்வே 192.168.10.1 என்று நிரந்தரமாக எழுதப்பட்டிருந்தது. அலுவலகத்துக்கு அது சரி. வீட்டு ரவுட்டரோ 192.168.1.1. ஆகவே வீட்டில் வைஃபை அலை கிடைக்கிறது, கடவுச்சொல் பொருந்துகிறது, 'கனெக்டட்' என்று வருகிறது. ஆனால் லேப்டாப் வெளியே போக 192.168.10.1 என்ற வாசலைத் தேடுகிறது. அப்படி ஒரு வாசல் அந்தத் தெருவிலேயே இல்லை.

சில வேளைகளில் குழப்பம் இன்னும் கூடும். அலுவலகமும் வீடும் ஒரே மாதிரி 192.168.1 என்ற வரிசையில் இருந்தால், நிரந்தரமாக எழுதிய முகவரி வீட்டிலும் ஓடும். ஆனால் அதே எண்ணை ரவுட்டர் வீட்டிலுள்ள இன்னொரு போனுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். "நேற்று ஓடியது, இன்று நிற்கிறது" என்று சொல்லும் வீடுகளில் இதையும் ஒரு முறை சந்தேகிக்கலாம்.

தானாக முகவரி கிடைப்பது எப்படி?

நம் போன்களில் நாம் இந்த எண்களை எழுதுவதே இல்லை. கடவுச்சொல் மட்டும் கொடுக்கிறோம், இணையம் வந்துவிடுகிறது. அதற்குக் காரணம் டிஹெச்சிபி என்னும் ஏற்பாடு. இது 1993-இல் தர விதிமுறையாக வெளியானது. இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1997-இல் வெளியானது. அதற்கு முன்பு 1985-இல் வந்த பூட்பி என்ற ஏற்பாடு இருந்தது. அதில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உரிய விவரத்தை நிர்வாகி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இன்று வந்து நாளை போகும் லேப்டாப்புக்கு அது சரிப்படவில்லை.

டிஹெச்சிபியில் நான்கு பேச்சுகள் நடக்கின்றன. லேப்டாப் உள்ளே நுழைந்ததும், "இங்கே முகவரி கொடுப்பவர் யார்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கிறது. ரவுட்டர், "இந்த எண் காலியாக இருக்கிறது, வேண்டுமா?" என்கிறது. "சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறது லேப்டாப். "கொடுத்தாயிற்று, இத்தனை மணி நேரத்துக்கு உன்னுடையது" என்று ரவுட்டர் உறுதி செய்கிறது. முகவரியோடு மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் எல்லாமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. இவை நடந்து முடிய ஓரிரு விநாடி போதும். கொடுப்பது சொந்தமாக அல்ல, வாடகைக்கு. கெடு முடியும் முன்பே லேப்டாப் அதைப் புதுப்பித்துக்கொள்ளும்; நாம் வேறு இடம் போய்விட்டால், கெடு முடிந்ததும் அந்த எண் வேறொருவருக்குப் போகும்.

வெளியூர் சென்றால் அந்த ஊர்ப் பள்ளிவாசலின் தொழுகை நேரப் பலகையைப் பார்த்துக்கொள்கிறோம். நம் ஊர் நேரத்தைக் கையில் எடுத்துப் போவதில்லை. லேப்டாப்பும் அப்படியே இருக்க வேண்டும். அந்தந்த இடத்து விவரத்தை அந்தந்த இடமே சொல்லட்டும்.

அப்படியானால் அலுவலகங்கள் ஏன் நிரந்தர முகவரி கேட்கின்றன? சில நிறுவனங்களில் குறிப்பிட்ட முகவரியிலிருந்து வந்தால்தான் கணக்கு மென்பொருளோ கோப்பு சர்வரோ திறக்கும்படி வைத்திருப்பார்கள். பிரிண்டர், கேமரா போன்றவற்றுக்கும் மாறாத எண் தேவை. அது நியாயமான தேவைதான். அதைச் செய்த விதத்தில்தான் பிழை.

தவறு நடந்த இடம்

விண்டோஸில் இந்த எண்களை எழுத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பழைய கன்ட்ரோல் பேனல் வழியாக வைஃபை அடாப்டருக்கே எழுதுவது. அங்கே எழுதினால், அந்த லேப்டாப் எந்த ஊரில் எந்த வைஃபையில் சேர்ந்தாலும் அதே எண்ணோடுதான் போய் நிற்கும். இரண்டாவது, குறிப்பிட்ட ஒரு வைஃபையின் பெயருக்குக் கீழ் எழுதுவது. அங்கே எழுதினால், அந்தப் பெயருள்ள வைஃபையில் சேரும்போது மட்டுமே அது செல்லும்.

பையனின் அலுவலகத்தில் யாரோ அவசரத்தில் முதல் இடத்தில் எழுதிவிட்டார்கள். சுருக்கமாக நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: இயந்திரத்தின் மேல் எழுதாதீர்கள், இடத்தின் பெயருக்குக் கீழ் எழுதுங்கள்.

மூன்று தீர்வுகள்

முதல் தீர்வே மிகச் சிறந்தது. லேப்டாப்பில் எதையுமே எழுதாமல், அலுவலக ரவுட்டரிலேயே எழுதச் சொல்வது. ஒவ்வொரு லேப்டாப்பின் வைஃபைக்கும் மேக் அட்ரஸ் என்ற அடையாள எண் ஒன்று உண்டு. "இந்த அடையாளத்தோடு வருபவருக்கு எப்போதும் இந்த முகவரியையே கொடு" என்று ரவுட்டரில் பதிந்து வைக்கலாம். இதை டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்பார்கள். அலுவலகத்துக்கு மாறாத எண் கிடைத்துவிடும். லேப்டாப் எல்லா இடத்திலும் தானியங்கியாகவே இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' என்ற வசதி இருந்தால், அலுவலக வைஃபைக்கு மட்டும் அதை அணைத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் அடையாளம் மாறி, ரவுட்டருக்கு ஆள் தெரியாது.

இரண்டாவது தீர்வு, அலுவலகம் அப்படிச் செய்ய இயலாது என்றால். விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்' திறந்து, 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', பிறகு 'வைஃபை', பிறகு 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' செல்லுங்கள். இதுவரை சேர்ந்த வைஃபை பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். அலுவலகத்தின் பெயரைத் தொட்டு, 'ஐபி அசைன்மென்ட்' என்பதில் 'எடிட்' கொடுத்து, 'மேனுவல்' தேர்ந்து, அலுவலகம் கொடுத்த எண்களை எழுதுங்கள். வீட்டு வைஃபையின் பெயரில் அதே இடத்தில் 'ஆட்டோமேட்டிக் (டிஹெச்சிபி)' இருக்கட்டும். இதற்கு முன்பு, அடாப்டரில் ஏற்கெனவே எழுதப்பட்ட நிரந்தர எண்களை நீக்கிவிடுங்கள்.

விண்டோஸ் 10-இலும் ஏறக்குறைய இதே வழிதான். அங்கே 'சப்நெட் பிரிஃபிக்ஸ் லெங்த்' என்று கேட்டுப் பலரைத் திகைக்க வைக்கும். 255.255.255.0 என்று அலுவலகம் கொடுத்திருந்தால் அங்கே 24 என்று எழுத வேண்டும். இரண்டும் ஒன்றே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி அலுவலக வைஃபை கிடைத்தால் அலுவலக எண். வீட்டு வைஃபை கிடைத்தால் வீட்டு ரவுட்டர் கொடுக்கும் எண். லேப்டாப் தன் இடத்தை வைஃபை பெயரை வைத்தே அறிந்துகொள்கிறது. இதற்கு வரைபடமோ செயற்கைக்கோளோ தேவையில்லை.

மூன்றாவது தீர்வு, கேபிள் வழியாக இணைப்பவர்களுக்கு. கேபிளுக்கு வைஃபையைப் போலப் பெயர் இல்லை. விண்டோஸின் பழைய அடாப்டர் பக்கத்தில் ஐபிவி4 பண்புகளைத் திறந்து, 'தானாகப் பெறு' என்பதைத் தேர்ந்தால் பக்கத்தில் 'ஆல்டர்னேட் கான்ஃபிகரேஷன்' என்று ஒரு தாள் தோன்றும். அதில் அலுவலக எண்களை எழுதி வைக்கலாம். லேப்டாப் முதலில் தானாக முகவரி கேட்டுப் பார்க்கும். யாரும் பதில் சொல்லாவிட்டால் மட்டும் இந்த எண்களை எடுத்துக்கொள்ளும். அலுவலகத்தில் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி இல்லாமல் இருந்தால்தான் இது பலிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

ஆப்பிள் மேக்கில் 'லொகேஷன்ஸ்' என்ற வசதி நெடுங்காலமாக இருக்கிறது. 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'நெட்வொர்க்' சென்று, கீழே மூன்று புள்ளி உள்ள பொத்தானை அழுத்தினால் 'லொகேஷன்ஸ்' வரும். அங்கே 'வீடு', 'அலுவலகம்' என்று தனித்தனியாக உருவாக்கி, ஒவ்வொன்றிலும் வேண்டிய எண்களை வைக்கலாம். பிறகு திரையின் இடது மூலையில் உள்ள ஆப்பிள் மெனுவிலிருந்தே இடத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பெயர்தான் லொகேஷன். இடம் மாறினால் அது தானாக மாறாது, நாம்தான் மாற்ற வேண்டும்.

லினக்ஸில் இந்த வேலையை நெட்வொர்க் மேனேஜர் பார்க்கிறது. 2004-இல் ரெட் ஹாட் நிறுவனத்தார் தொடங்கிய மென்பொருள் இது. உபுண்டு உட்பட பல லினக்ஸ்களில் இதுதான் இருக்கிறது. வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரப் படத்தைத் தொட்டு, 'ஐபிவி4' பகுதியில் எழுதினால் அது அந்த வைஃபைக்கு மட்டும் உரியது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ஏடு என்பதே அதன் அடிப்படை. குறிப்பிட்ட வைஃபையில் சேர்ந்ததும் ஒரு சிறு நிரலை ஓட வைக்கவும் அதில் இடம் உண்டு.

பிராக்ஸி: மறைந்திருக்கும் முள்

சில கல்லூரி விடுதிகளிலும் அலுவலகங்களிலும் இணையத்துக்கு பிராக்ஸி என்ற இடைவாசல் வழியாகத்தான் போக வேண்டும். விண்டோஸில் பிராக்ஸியைக் கையால் எழுதினால், அது வைஃபை பெயருக்கு உரியதாக இல்லாமல் எல்லா இடத்துக்கும் பொதுவாகிவிடும். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பிள்ளை, "பிராக்ஸி சர்வர் பதில் தரவில்லை" என்று பிரவுசர் சொல்வதைப் பார்த்து வீட்டு இணைப்பைக் குறை சொல்லும். 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'பிராக்ஸி' சென்று, கையால் எழுதியதை அணைத்தால் போதும். கல்லூரி ஆதரித்தால் 'ஆட்டோமேட்டிக்கலி டிடெக்ட் செட்டிங்ஸ்' என்பதை வைத்துக்கொள்ளலாம். அந்தந்த இடத்தில் பிராக்ஸி உண்டா இல்லையா என்று லேப்டாப்பே கேட்டறியும்.

ரயில் நிலைய வைஃபையும் திறக்காத பக்கமும்

ரயில் நிலையங்களில் ரெயில்டெல் நிறுவனம் வைஃபை தருகிறது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளோடு சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. பின்னர் கூகுள் விலகிக்கொண்டது. ரெயில்டெல் தொடர்ந்து நடத்துகிறது. அங்கே சேர்ந்தவுடன் இணையம் வந்துவிடாது. ஒரு பக்கம் திறந்து, போன் எண் கேட்டு, ஓடிபி வந்த பிறகே வழி விடும். விமான நிலையத்திலும் மருத்துவமனைகளிலும் இதே முறையைப் பார்க்கலாம்.

இந்தப் பக்கம் சிலருக்குத் திறப்பதே இல்லை. பெரும்பாலும் காரணம், லேப்டாப்பில் டிஎன்எஸ் எண்ணை நிரந்தரமாக எழுதி வைத்திருப்பதுதான். அந்த இடத்து விவரப் புத்தகத்தைக் கேட்காமல் நம் புத்தகத்தையே கேட்பதால், வழிகாட்டும் பக்கத்துக்கு லேப்டாப் போவதில்லை. டிஎன்எஸ்ஸையும் தானியங்கியாக வைத்தால் பக்கம் திறந்துவிடும்.

வீட்டு அமானிதம் தெருவுக்குப் போகாமல் இருக்க

இதுவரை சொன்னது வசதிக்காக. இனி சொல்வது பாதுகாப்புக்காக. இதுவே எனக்கு அதிக கவலை தருவது.

வீட்டில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் படங்களை மாற்ற, கோப்புகளைப் பகிரும் வசதியைச் சிலர் திறந்து வைக்கிறார்கள். ஜமாஅத் அலுவலகத்தில் நிகாஹ் பதிவேடு, சந்தாக் கணக்கு போன்றவற்றை இரண்டு கணினிகளில் பார்க்க இதே வசதி தேவைப்படுகிறது. அதே லேப்டாப்போடு ஒருவர் ரயில் நிலையத்திலோ விடுதியிலோ பொது வைஃபையில் சேர்ந்தால்? பிறர் குடும்ப விவரங்கள் நம் கையில் உள்ள அமானிதம். அதைத் தெருவில் திறந்து வைக்கக் கூடாது.

இதற்கு விண்டோஸ் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறது. ஒவ்வொரு வைஃபைக்கும் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்று இரண்டு வகை. 'பப்ளிக்' என்றால் அதே வைஃபையில் உள்ள மற்றவர்களின் கண்ணுக்கு லேப்டாப் தெரியாது, பகிர்வு அடைபட்டிருக்கும். 'பிரைவேட்' என்றால் தெரியும். வீட்டையும் அலுவலகத்தையும் மட்டும் 'பிரைவேட்' என்று வையுங்கள். மற்ற எல்லாம் 'பப்ளிக்' ஆகவே இருக்கட்டும். இடத்துக்கு ஏற்ப விண்டோஸே தீத்தடுப்புச் சுவரை மாற்றிக்கொள்ளும். வீட்டிலேயே செய்து வைக்க வேண்டிய ஒரு நிமிட வேலை இது.

இன்னொன்று. லேப்டாப் ஒரு முறை சேர்ந்த வைஃபையை நினைவில் வைத்து, அடுத்த முறை தானாகச் சேரும். கடவுச்சொல் இல்லாத திறந்த வைஃபைகளில் இது ஆபத்து. பெயரை வைத்துத்தான் லேப்டாப் இடத்தை அறிகிறது என்று மேலே சொன்னேன். அதே பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு போலி வைஃபையை உருவாக்கலாம். லேப்டாப் ஏமாந்து அதில் போய்ச் சேரும். ஆகவே பயணம் முடிந்ததும் 'நோன் நெட்வொர்க்ஸ்' பட்டியலுக்குப் போய், அந்தப் பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுங்கள். பொது வைஃபையில் வங்கி வேலை பார்க்காமல், அதற்குச் சொந்த போனின் டேட்டாவைப் பயன்படுத்துவது நல்லது.

ஹாட்ஸ்பாட்டில் டேட்டா கரையாமல் இருக்க

நம் வீடுகளில் பலருக்கும் நாள் ஒன்றுக்கு இவ்வளவு ஜிபி என்ற பேக்தான். போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்த சற்று நேரத்தில் அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்னால் விண்டோஸ் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்திருக்கும். ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தொட்டு 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதைத் திறந்து வையுங்கள். அந்த இணைப்பில் இருக்கும்போது பெரிய அப்டேட்களை விண்டோஸ் பெரும்பாலும் தள்ளி வைக்கும். வீட்டு வைஃபைக்கு வந்ததும் தானாக இறங்கும். இதுவும் இடத்தின் பெயருக்குக் கீழ் எழுதும் அமைப்புதான்.

பிள்ளைகளுக்கான வடிகட்டி எங்கே இருக்க வேண்டும்?

பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஆபாசத் தளங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் சேவைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று தொடங்கிய சேவையின் எண்கள் 1.1.1.3, 1.0.0.3. கெட்ட தளங்களின் பெயரைக் கேட்டால் இந்த விவரப் புத்தகம் முகவரி தராது.

இதை லேப்டாப்பில் எழுதுவதை விட வீட்டு ரவுட்டரில் எழுதுவது மேல். டிஹெச்சிபி வழியாக வீட்டில் சேரும் எல்லா போனுக்கும் லேப்டாப்புக்கும் அது தானாகப் போய்ச் சேரும். விருந்தாளியின் போனுக்கும் சேர்த்துத்தான். லேப்டாப் அலுவலகம் போனால் அலுவலகத்தின் டிஎன்எஸ்ஸைப் பெற்றுக்கொள்ளும்; அங்குள்ள உள் தளங்கள் தடையின்றித் திறக்கும். ரவுட்டரைத் திறக்க இயலாதவர்கள், லேப்டாப்பில் வீட்டு வைஃபையின் பெயருக்குக் கீழ் 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' என்ற இடத்தில் எழுதலாம். பிள்ளையே மாற்றிவிடாமல் இருக்க, நிர்வாகி கணக்கைப் பெற்றோர் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சாதாரணக் கணக்கு கொடுக்க வேண்டும்.

ஆனால் இந்த வடிகட்டி வீட்டு வாசலோடு நின்றுவிடும். சிம் டேட்டாவுக்கு மாறினால், நண்பன் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தால் அது இல்லை. எந்த எண்ணும் பெற்றோரின் பேச்சுக்கும் கண்காணிப்புக்கும் ஈடாகாது. அதைத் தெரிந்துகொண்டே இதைப் பயன்படுத்துங்கள்.

இணையம் வராதபோது பார்க்க வேண்டிய வரிசை

கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. அதே வைஃபையில் வேறு போன் ஓடுகிறதா? ஓடாவிட்டால் குறை ரவுட்டரிலோ இணைப்பிலோ. ஓடினால் குறை லேப்டாப்பின் அமைப்பில்.

2. வைஃபையின் பண்புகளில் 'ஐபிவி4 அட்ரஸ்' என்ன? 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுப்பவரிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். லேப்டாப் தானே ஒரு எண்ணைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டு மீண்டும் சேருங்கள்.

3. எண் வேறு மாதிரி இருந்தால், அதே வைஃபையில் உள்ள போனின் எண்ணோடு ஒப்பிடுங்கள். வீட்டில் பெரும்பாலும் முதல் மூன்று பகுதிகளும் ஒன்றாகவே இருக்கும். அங்கே 192.168.1, இங்கே 192.168.10 என்றால் எங்கோ எழுதிய நிரந்தர முகவரி கூடவே வந்திருக்கிறது. 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள்.

4. முகவரி சரியாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லையா? டிஎன்எஸ்ஸையும் பிராக்ஸியையும் பாருங்கள்.

5. அலுவலகம் கொடுத்த எண்களை மாற்றும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குச் சொந்தமான லேப்டாப் என்றால் அவர்களைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, பல குடும்பங்களுக்கு அதுவே வீட்டுக்கு வந்த முதல் கணினி. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அரசு அறிவித்தது. இயந்திரம் கைக்கு வந்துவிடும். அதைத் திறந்து ஒரு பட்டியலைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது நம் பொறுப்பு. வேலைக்கான விண்ணப்பம், உதவித்தொகை, தேர்வு முடிவு எல்லாமே குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் இணையத்தில் வருகின்றன. அந்த நேரத்தில் 'நோ இன்டர்நெட்' என்று வந்தால் யாரும் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பையனின் அலுவலகத்தில் கேட்டபோது, ரவுட்டரிலேயே அவன் லேப்டாப்புக்கு முகவரி பதிந்து கொடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிட வேலைதான் என்றார்களாம். இப்போது அவன் எங்கே திறந்தாலும் இணையம் வருகிறது. போன இன்டர்வியூ திரும்பி வரவில்லை; வேறு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறான். அடுத்த முறை அழைப்பு வந்தால், முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் சேர்ந்து சோதித்துப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லுங்கள்.